இன்னும் கொஞ்ச நாள்

லிஃப்ட் கம்பெனியில் அவளுக்கு ஸ்பேனர் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கேலியாக வைத்தது. பிறகு மேலாளரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நகரத்தின் தெற்குப் பக்கத்து லிஃப்டுகள் எல்லாம் அவள் பொறுப்பு. கறுப்பு மோட்டார் சைக்கிளின் பின்னால் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போவாள். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்தினால், "கீழ வண்டிச் சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. இனிமே பயமில்ல" என்று வாட்ச்மேன்கள் வெளியிலிருந்து தைரியம் சொல்வார்களாம். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்த வண்டியிலிருந்துதான் விழுந்தாள். ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. ஒடித்துத் திருப்பினாள். கதவில் மோதவில்லை, ஆனால் வண்டி சரிந்து, அவள் இடது கை அவள் உடம்புக்கடியிலேயே மாட்டிக்கொண்டது. மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கீறி, உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள்.

இடது கை என்றால் கிளட்ச் பிடிக்கிற கை. எழுதுகிற கை நல்லபடியாக இருக்கிறதே என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். அவள் எழுதிப் பிழைக்கிறவள் இல்லையே!

கட்டுப் பிரித்த பிறகு எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு நல்லா சேந்துக்கிட்டு வருது. இனிமே பிடியில பலம் வரணும், அவ்வளவுதான். வண்டி எப்ப எடுக்கலாம்னு உங்க பிசியோவே பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

"பிசியோ எங்க அக்காதான் டாக்டர்."

"அப்புறம் என்னம்மா கவலை? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி."

அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அக்காவின் கிளினிக் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டே அறை. உள்ளறையில் நீளமான மெத்தைக் கட்டில், சுவரில் கலர் கலராக ரப்பர் பட்டைகள், மேசையில் எலும்புக் கை பொம்மை ஒன்று. அக்கா அவளைவிடப் பல வயது மூத்தவள். கல்யாணமான பிறகு ஆளுக்கொரு திசையாகிவிட்டார்கள். அப்பா வீட்டில் பார்த்தால் "என்னடி, எப்படி இருக்க?" என்பதோடு சரி. இப்போது வாரத்தில் மூன்று நாள் அக்கா அவள் மணிக்கட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பிசைந்தாள். வலிக்கும். வலி தெரியாமலிருக்க அக்கா பேச்சுக் கொடுப்பாள். அப்படித்தான் இருவரும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போன அத்தான் போன் பண்ணுவது குறைந்துகொண்டே வருவதை அக்கா அந்த அறையில்தான் சொன்னாள். "போன் பண்ணாலும் மழை பெய்யுதா, கரண்ட் இருக்கான்னு கேக்கறார்டி. நான் என்ன வானிலை ஆபீசா?" என்று சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அவளும் ஒரு நாள் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னாள். "எலும்பு சேந்தாலும் நான் ஓட்டுவேனான்னு தெரியலக்கா. அந்தக் கார்க் கதவு கண்ணுக்குள்ளயே நிக்குது. தூங்கினாலும் தொறக்குது. யார்கிட்டயும் சொல்லாத."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்?" என்று அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. பாட்டில் மூடியைத் திறக்க முடியாது, துணி பிழிய முடியாது, சடை போட முடியாது. கணவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். நுணுக்கமான வேலைக்குப் பழகிய கை என்று பேர்தான். அவன் பின்னிவிட்ட சடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. "கண்ணாடிக் கால நிமுத்தத் தெரியுது, ஒரு சட நேரா வரல" என்பாள். "கண்ணாடி ஆடாம உக்காந்திருக்கும். நீ எங்க உக்காந்திருக்க?" என்பான். அந்தக் கோணல் சடையோடு பஸ் ஏறி ஆபீசுக்குப் போவாள். அங்கே அவளைப் புகார் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். லிஃப்ட் நின்றுபோய்விட்டது என்று கூப்பிடுகிறவர்களிடம் முகவரி கேட்டு, வேறு யாரையாவது அனுப்ப வேண்டும். அவளே போனால் சீக்கிரமாக முடித்துவிடக்கூடிய வேலைக்கு இன்னொருவன் போய்த் தடவிக்கொண்டிருப்பதை போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனாலும் பொறுமையாக இருந்தாள். பொறுமை அவளுடைய சுபாவம் இல்லை; வைராக்கியமாக வரவழைத்துக்கொண்டது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுகூட ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே வருவாள். ஈரத் துண்டை முறுக்கச் சொன்னால் முறுக்கினாள். மெழுகுக் குழம்பில் கையை விடச் சொன்னால் விட்டாள். "கிளட்சைத் தொட்டுக்கூடப் பாக்காத, பிளேட் நகந்துடும்" என்று அக்கா சொன்னதிலிருந்து, மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு நின்ற வண்டியைக் கடக்கும்போது அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். "என் தங்கச்சியப் பாத்துக் கத்துக்குங்க. சொன்ன பேச்சு கேக்கற ஒரே ஆள் இவதான்" என்று அக்கா மற்றவர்களிடம் சொல்லுவாள்.

ஒவ்வொரு முறையும் எல்லாம் முடிந்த பிறகு, பிடியின் பலத்தை அளக்கும் கருவியை அக்கா எடுப்பாள். கைப்பிடியை இறுக்கினால் வட்டத்தில் முள் நகரும். முள் இருக்கும் பக்கம் அக்காவைப் பார்த்து இருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவாள். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "வருது, வருது. இன்னும் கொஞ்ச நாள்" என்பாள்.

அந்த இன்னும் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று. மேலாளர் ஒரு முறை கேட்டார், இரண்டு முறை கேட்டார். "எப்பம்மா வருவ? தெற்கு லைனுக்கு ஆள் இல்லாம நான் திட்டு வாங்கிக்கிட்டிருக்கேன்."

"அக்கா இன்னும் வேணாம்னு சொல்றாங்க சார்."

மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. தெற்கு லைனைப் புதிதாக வந்த ஒருவனுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டதாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ வந்ததும் வேற ஏதாவது பாக்கலாம்" என்றார். அவள் ஆபீசில் அழவில்லை. கிளினிக்குக்கு வந்து, அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவினாள். "போனாப் போகுதுடி. கைதான் முக்கியம். கை இருந்தா எத்தன லைன் வேணா வரும்."

அதற்கு இரண்டு வாரம் கழித்து அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் உதவிக்கு இருந்த இளம் பிசியோ அன்று அவளைப் பார்த்தாள். சுறுசுறுப்பான பெண். இவள் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கருவியை எடுத்து நீட்டினாள்.

"இது கடைசியில இல்ல?" என்று இவள் கேட்டாள்.

"கடைசியிலயா? பயிற்சி பண்ணி கை ஓஞ்ச பிறகு அளந்தா என்ன தெரியும்? முதல்லதான் அளக்கணும். இறுக்குங்க." இவள் இறுக்கினாள். "இப்ப வலது கை." அதையும் இறுக்கினாள். இளம் பிசியோ இரண்டு முறையும் முள்ளைப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்களுக்கு இனிமே நாங்க எதுக்கு?"

"அப்ப வண்டி ஓட்டலாமா?"

அந்தப் பெண் கொஞ்சம் விழித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பரிவாகச் சொன்னாள். "கையப் பொறுத்தவரைக்கும் எப்பவோ ஓட்டலாமே. உங்க மனசு தயாரானதும் எடுங்க. மேடம் சொல்லியிருக்காங்க, உங்களுக்கு அந்தக் கார்க் கதவு பயம் இருக்குன்னு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லங்க, விழுந்தவங்க எல்லாருக்கும் இருக்கும்."

அவள் சட்டையின் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டாள். இடது கையாலேயே போட்டுக்கொண்டாள். "எப்பவோன்னா எப்ப?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே மேடம் என்கிட்ட சொன்னாங்களே, என் தங்கச்சி கை சரியாயிடுச்சு, பயத்துலதான் எடுக்க மாட்டேங்கறான்னு."

இரண்டு மாதம். தெற்கு லைன் அப்போது அவளுடையதாகத்தான் இருந்தது.

படி இறங்கி வரும்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். துண்டை முறுக்கு, இன்னொரு தடவை முறுக்கு, பந்தை அமுக்கு, பட்டையை இழு என்று கையை ஓய வைத்துவிட்டு, அப்புறம் அளந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பயிரும் வேலியைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் கணவன் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "என் கை சரியாயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு செருப்பு காலில் இருக்க, அவன் அப்படியே நின்றான். அதுவே பதிலாக இருந்தது.

"உன் அக்காதான் சொல்ல வேணாம்னாங்க" என்றான்.

"அவ கிணத்துல குதிக்கச் சொன்னா?"

"நான் பொய் சொல்லலியே. ஒரு வார்த்த பொய் சொன்னேனா? சும்மாதான் இருந்தேன்."

"ஆமா, சும்மாதான் இருந்தீங்க. தெனமும் காலையில எனக்குச் சட பின்னிக்கிட்டே சும்மா இருந்தீங்க. என்னால பின்னிக்க முடியாதுன்னு நினைச்சு நானும் தலையக் காட்டிக்கிட்டிருந்தேன். வீட்டுக்குள்ளயே எனக்குக் காதுல பூ சுத்தியிருக்கீங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்தப்ப கடையில ஒருத்தருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கிட்டிருந்தேன். அவர் மூஞ்சியிலயே அத விட்டுட்டு ஓடினேன். வழியெல்லாம் நீ உயிரோட இருக்கியான்னு தெரியாது. அந்த மாதிரி இன்னொரு போன் வந்தா நான் தாங்க மாட்டேன்."

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஓட்டாதன்னு நேரா சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

"சண்ட போட்டு நீ ஜெயிச்சிருப்ப."

அது உண்மைதான். அது உண்மை என்பதாலேயே அவளுக்கு ஆறவில்லை. அன்று சமைத்ததை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்று அவன் கேட்டான். அவள் எழுந்து தானே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா சால்வையைப் போர்த்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாடி, சூடா ஏதாவது போட்டுக் கொடு. வாயெல்லாம் கசக்குது" என்றாள்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். "நேத்து உன் கிளினிக்ல அந்தப் பொண்ணு என் கைய அளந்தா. முதல்லயே அளந்தா."

அக்கா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவ சின்னப் பொண்ணு. அனுபவம் பத்தாது. பலம் மட்டும் இருந்தாப் போதுமா, எத்தனையோ பாக்கணும்."

"நீ ஏன்க்கா எப்பவும் கடைசியிலயே அளந்த?"

பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸியை ஓட்டினார்கள். அது நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"தெரிஞ்சுதான் பண்ணேன்" என்றாள் அக்கா. "உக்காரு, சொல்றேன்."

"நின்னே கேக்கறேன்."

"என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் வண்டியில விழுந்தவங்கதான். தேத்தி அனுப்புவேன். அதுல ரெண்டாவது தடவ விழுந்து வந்தவங்களையும் பாத்திருக்கேன். வராமலே போனவங்களும் இருக்காங்க, வீட்டுக்காரங்க வந்து பாக்கி சிகிச்சை வேணாம்னு சொல்லிட்டுப் போவாங்க. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்றாங்களே, நீ அங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தப்பதான் அது என்னன்னு தெரிஞ்சுது."

"சரி, பயந்த. பயந்தா சொல்லு. திட்டு. கால்ல விழு. அளக்கற கருவிய வெச்சுப் பொய் சொல்லுவியா?"

"நீயே சொன்னியேடி, பயமா இருக்கு, ஓட்டுவேனான்னு தெரியலன்னு! சரி, இவளுக்கே இஷ்டமில்ல, வெளிய சொல்ல முடியாமத் தவிக்கறா, நாமளே ஒரு சாக்கு கொடுப்போம்னு நெனச்சேன். பயந்து நிறுத்திட்டான்னு யாரும் உன்ன ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது பாரு."

"யாரும் சொல்லக் கூடாது. அதனாலதான் நீயே உன் கிளினிக்ல சொல்லிட்டியா?"

அக்கா சால்வையின் நுனியை விரலில் சுற்றினாள். "உங்க தங்கச்சி ஏன் இன்னும் வர்றாங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டா. என்னத்தையாவது சொல்ல வேண்டியிருந்துது."

"அதுக்கு அதான் கெடைச்சுதா உனக்கு?"

அக்காவுக்குக் காய்ச்சலில் கண் சிவந்திருந்ததா, அழுகையா என்று தெரியவில்லை. தங்கை தொடர்ந்து சொன்னாள். சத்தம் போடவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற நிதானமான குரல் அது.

"நான் பயந்திருப்பேன்க்கா. ஓட்டிப் பாத்துட்டு முடியலன்னு இறங்கியிருப்பேன். இல்ல, ஓட்டியே இருப்பேன். ரெண்டுல எதுன்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்ட. லைன் போச்சுன்னு உன் மடியில வந்து அழுதேனே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். சத்தியமா வாய் வரைக்கும் வந்துது. ஒரு நாள் தள்ளிப்போட்டா அடுத்த நாள் சொல்றது இன்னும் கஷ்டமாயிடுதுடி. அப்புறம் நீயும் வரமாட்ட. வாரத்துல மூணு நாள் நீ வந்துக்கிட்டிருந்த..."

அவள் அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சிக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் வைத்தாள். மாத்திரையையும் எடுத்து வைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள். அக்கா கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியின் உறையை எடுத்தாள். பேட்டரி செத்துப்போயிருந்தது. கணவன் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது பிடிக்கட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றாள். அதை எதிர்பார்த்து முதல் நாளே ஆபீசிலிருந்து சார்ஜர் கொண்டுவந்திருந்தாள். சார்ஜ் ஏறும்வரை சங்கிலிக்கு எண்ணெய் போட்டாள், டயருக்குக் காற்று அடித்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடித்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உள்ளே வந்தது. வலியே இல்லை. விஷயம் தெரிந்த பிறகு அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகக் கண்ணில் நீர் வந்தது. வலித்திருந்தால்கூட அக்காவைப் பாதி மன்னித்திருப்பாள்.

"மெதுவா போ" என்றான் கணவன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

முதல் தெரு சுலபமாக இருந்தது. இரண்டாவது தெருவில் இடது பக்கம் முழுவதும் வரிசையாகக் கார்கள் நின்றிருந்தன. ஒவ்வொரு கதவும் இதோ திறக்கப்போகிறது, இதோ திறக்கப்போகிறது என்று தோன்றியது. கை வழுக்கியது, கையுறைக்குள் அவ்வளவு வேர்வை. பாதித் தெருவில், பூட்டியிருந்த ஒரு சலூன் முன்னால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். இன்ஜினை அணைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

பால் வண்டிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்னம்மா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு."

அவர் போய்விட்டார். கை தானாகப் பையிலிருந்த போனை எடுத்தது. கை இப்படி வேர்க்கிறது, பாதித் தெருவில் நிற்கிறேன், ஆனால் பாதித் தெரு வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. இத்தனை மாதமாக இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லிப் பழகிய ஆள் ஒருத்திதான். அக்காவின் பெயர் திரையில் முதலாவதாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். கை வேர்வை காயும்வரை சலூன் கதவில் ஒட்டியிருந்த சவர விலைகளைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு நடைவேகத்தில் மீதித் தெருவைக் கடந்து, வட்டம் சுற்றி வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த நாள் இரண்டு தெரு கூடுதலாகப் போனாள். அதற்கடுத்த நாள் மழை, போகவில்லை. இப்படியே தேறினாள். வேறு பிசியோவிடம் ஒரு முறை கையைக் காட்டி உறுதி செய்துகொண்டாள். மேலாளரிடம் போய் நின்றபோது அவர் சங்கடப்பட்டார். தெற்கு லைனைத் திருப்பித் தர முடியாது என்றார். ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய கட்டடங்களின் லைன் இருந்தது, தூரம் என்று யாரும் கேட்காதது. எடுத்துக்கொண்டாள். அங்கே வாட்ச்மேன்களுக்கு அவள் வண்டிச் சத்தம் தெரியாது. வாசலில் நிறுத்தி, யார் நீங்க, யாரைப் பார்க்கணும் என்று கேட்டார்கள்.

கணவனோடு மெல்ல மெல்லப் பேச்சு சகஜமாயிற்று. அவன் தினமும் அவள் கிளம்பும்போது வாசலில் வந்து நிற்பான். பயந்துகொண்டுதான் நிற்பான், ஆனால் இப்போது அதை மறைப்பதில்லை. "போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணிடு, இல்லன்னா எனக்கு வேல ஓடாது" என்று வாய் விட்டுச் சொல்வான். அவளும் பண்ணுவாள்.

அக்காவோடு அப்படி ஆகவில்லை. சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவின் மருந்து, அத்தான் ஊருக்கு வரும் தேதி, வீட்டு வரி என்று போனில் எல்லாம் பேசுவார்கள். ஒரு நாள் அப்பா வீட்டில் சாப்பாடு முடிந்து இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் கழுவ, அக்கா துடைத்தாள். அக்கா பார்வை அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விரல் துடித்திருக்கும். தொடவில்லை.

"பயம் போயிடுச்சாடி?" என்று கேட்டாள்.

அன்று காலையில்கூட, ஒரு திருப்பத்தில் நின்றிருந்த காருக்குள் யாரோ அசைந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, மூச்சு சீராகும்வரை காத்திருந்துதான் வந்திருந்தாள்.

"போயிடுச்சுக்கா" என்றாள். அக்காவிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

அக்காவுக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். அவ்வளவு மாதம் அந்தக் கையைப் பிடித்திருந்தவள். ஆனால் கேட்கிற உரிமை தன்னிடம் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். "நல்லது" என்று சொல்லிவிட்டு, துடைத்த தட்டையே இன்னொரு முறை துடைத்து அடுக்கினாள். அவள் குழாயை மூடி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.